கிளிப்பச்சைக்கு அறுபத்து நாலு கள்ளி

அடுப்புல கள்ளியப் போட்டாச்சு. அறுபத்து நாலு துண்டு. ஒரு துண்டு வெந்து பச்சைச் சாயமா விழப் பத்து செகண்டு, அறுபத்து நாலுக்கும் பத்து நிமிஷம் நாப்பது செகண்டு, கூடாது குறையாது, மயில்சாமி வாட்ச்சக் கையில வெச்சு மூணு ஞாயித்துக்கிழமை பார்த்துக் கணக்கெடுத்தவன். மணி நாலு அம்பது. அஞ்சு மணிக்குக் கனி வருவா. வந்ததும் சாயம் ரெடியா இருக்கணும், எலும்புத் தூளு வெள்ளை பக்கத்துப் பெட்டியில தயாரா இருக்குது, பச்சையும் வெள்ளையும் கலந்தா கிளிப்பச்சை, கிளிப்பச்சையக் கம்பளிக் கட்டை ஒண்ணொண்ணுக்கா ஏத்துனா அவ ரூமுக்கு நாலு சுவரு. போன்ல வெளையாடற வெளையாட்டுத்தான். எல்லாமே சதுரக் கட்டை, மரமும் கட்டை, மேகமும் கட்டை, ஆட்டுக்குக்கூடத் தலை கட்டைதான். ஆனா அதுக்குள்ள ஒரு வீடு இருக்குது, ரெண்டு வருஷமா அப்பனும் மகளும் கட்டுனது, திருப்பூர்ல இவன் இருக்கற தகரக்கூரை ஒத்தை ரூமவிடப் பெருசு, மாடி வெச்சது. ஞாயித்துக்கிழமை அஞ்சுல இருந்து ஆறு வரைக்கும் அந்த வீட்லதான் அவங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கறது. கோர்ட்டுல எழுதிக்கிட்டது அப்படி. மாசத்துல ரெண்டாவது சனிக்கிழமை நேர்ல, ஞாயித்துக்கிழமையில ஒரு மணி நேரம் போன்ல. மீதி நேரமெல்லாம் அவ கோயமுத்தூர்ல அவங்கம்மா பூங்கொடி வீட்ல, பூங்கொடி வீடுன்னு வாய் சொல்லுதே தவிர வாசல்ல போர்டு வேற பேருக்கு இருக்குது, ஜெயப்பிரகாஷ், இன்வெர்ட்டர் விற்பனை மற்றும் சர்வீஸ். அந்தப் பேர நெனச்சதும் மயில்சாமிக்குக் காதுக்குப் பின்னால சூடு ஏறுச்சு. ஏன்னா அடுப்புக்கு இந்தப்பக்கம், வேலிக்குள்ள, அவனோட வெள்ளை ஆட்டுக் கூட்டத்துல, ரெண்டு ஆடு கிளிப்பச்சையா நின்னுட்டிருக்குது.

ஒம்பது வெந்துருச்சு. கிளிப்பச்சை ஆடு. ஊர் உலகத்துல எவனாவது கேள்விப்பட்டிருக்கானா. இருபத்திரண்டு வருஷம் சாயப்பட்டறை லேப்ல ஷேடு பாக்கறவன் மயில்சாமி, வெளிநாட்டுல துணி வாங்கற பயர் அனுப்பற துண்டுத் துணியப் பார்த்து அதே கலர சோடாவும் உப்பும் சேர்த்து பீக்கர்ல கொண்டு வர்றவன், ராத்திரிப் பள்ளிக்கூடத்துல பத்தாவது எழுதிட்டு அப்பறம் சாயங்கால டிப்ளமோ படிச்சு உள்ள வந்தவன், அவன் பார்த்து ரிஜெக்ட்னு சொன்னா ஆயிரம் கிலோ துணி திரும்பக் கொப்பரைக்குள்ள போகணும். சாயம்னா என்ன, நூலுக்குப் போடலாம், துணிக்குப் போடலாம், தைச்ச பனியனுக்குக்கூடப் போடலாம். எந்த மடையனாவது காட்டுக்குப் போயி பருத்திச் செடிக்கு ஊத்துவானா? ஆட்டுக்குச் சாயம் பூசறது அப்படித்தான். வெள்ளை ஆடுன்னா வெள்ளைக் கம்பளி, கத்தரிச்சு எடுத்துத் தனியா வெச்சு, வேணும்ங்கற கலர வேணும்ங்கறப்ப ஏத்தணும். அதுதான் முறை. அந்த ஆடு எல்லாத்தையும் கன்னுக்குட்டி மாதிரி இழுத்துட்டு வந்து கோதுமை காட்டிக் காட்டி வேலிக்குள்ள அடைச்சது இவன். ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க அதுக்கே போச்சு. கனி பின்னாலயே வந்து ஓடுப்பா ஓடுப்பான்னு கத்துனா. அது நல்ல ஞாயித்துக்கிழமை. அதுல ரெண்ட எடுத்து அந்த ஆளு பச்சையாக்கி விட்டுட்டுப் போயிருக்கான், கல்யாண வீட்டு சுவத்துல எவனோ போற போக்குல போன் நம்பர் எழுதிட்டுப் போற மாதிரி. அந்த ஆளுதான்னு எப்படித் தெரியும்னா, வெளையாட்டே சொல்லுது. யாரு உள்ள வந்தாங்க எப்ப வந்தாங்கன்னு ஒரு பக்கத்துல வரிசையா எழுதி வெச்சிருக்கும். வியாழக்கிழமை, சாயங்காலம் ஆறு பத்து, ஜேபி79 உள்ள வந்தார். ஆறு நாப்பத்தஞ்சு, வெளிய போனார். முப்பத்தஞ்சு நிமிஷம். எழுபத்தொம்பதுல பொறந்திருக்கான். இவனவிட ரெண்டு வயசு மூப்பு. மூத்தவனுக்கு இருக்கற லட்சணம்.

பதினேழு. இந்த உலகத்துக்குள்ள வர்றதுக்கு ஒரு சங்கேத நம்பர் வேணும். அந்த நம்பர் மயில்சாமிகிட்ட இருக்குது, கனிகிட்ட இருக்குது. மயில்சாமி குடுக்கல. இந்த இடத்துக்கு வந்ததும் மனசு ஆணியில சட்டை மாட்டுன மாதிரி நின்னு போகுது, காலையில இருந்து இதே ஆணிதான், பல்லு வெளக்கறப்ப மாட்டுச்சு, குஸ்காக் கடையில வரிசையில நிக்கறப்ப மாட்டுச்சு, முன்னால நின்ன ஆளு நகந்துட்டான் பின்னால இருந்தவன் ஏனுங் தூங்கறீங்ளான்னு கேட்டான். கனி குடுத்திருக்கா. கேட்டு வாங்கியிருப்பானோ. கேட்டா குடுத்துருவாளா. அங்கிளும் வர்றாரும்மா, வீட்டக் காட்டுன்னு பூங்கொடி சொல்லியிருப்பாளோ. அவ வாயில அங்கிள்ங்கற வார்த்தை எப்படி வரும்னு நெனச்சான், அவ சொல்லிக் கேட்டதில்ல, கனி சொல்லித்தான் கேட்டிருக்கான், ஜேபி அங்கிள், ரெண்டெழுத்து இங்கிலீசுல செல்லப் பேரு வேற. இவன மயில்சாமின்னு முழுசா கூப்பிடறதுக்கே ஆளில்ல. தகரம் மேல காக்கா நடக்குது, டக் டக் டக்குன்னு, வெயிலுக்குத் தகரம் முறுக்கிக்கிட்டு சத்தம் போடுது, ஃபேன் சூட்டுக் காத்த எடுத்து சூடாவே திருப்பித் தருது. முதுகுல பனியன் ஒட்டிக்கிச்சு. பனியன் இவங்க பட்டறைச் சாயந்தான், நேவி ப்ளூன்னு எழுதி ஏத்துமதிக்குப் போனது, போகாம நின்னது, ரிஜெக்ட் பண்ணுனது இவனேதான். ரிஜெக்ட் ஆன பனியனத்தான் வருஷம் பூரா போடறான். அதுக்கும் பூங்கொடி ஒரு தடவ சிரிச்சிருக்கா. அப்பெல்லாம் சிரிப்பா.

சிரிச்சவதான் அப்பறம் கவுன்சிலிங் மேடம் முன்னால உக்காந்து சொன்னா. இவரு அடிக்க மாட்டாருங் மேடம், குடிக்க மாட்டாருங், ஒரு கெட்ட பழக்கம் கிடையாதுங், ஆனா பாக்கறாருங். அந்த மேடத்துக்குப் புரியல. பாக்கறாருன்னா? பாக்கறாருங் மேடம், சோத்தப் பாப்பாரு, கோலத்தப் பாப்பாரு, நான் கட்டற சீலையப் பாப்பாரு, எதுவும் சொல்ல மாட்டாரு, மூக்கு லேசாச் சுருங்கும், அவ்வளவுதாங், அது போதுங், அன்னைக்கு முழுக்க எனக்கு ஒண்ணும் சரியா வராது. மேடம் இவனத் திரும்பிப் பார்த்தாங்க. இவன் மேடத்தோட டேபிள் விரிப்பப் பார்த்துட்டு இருந்தான், அதுல மடிப்பு விழுந்த எடத்துல கலரு ரெண்டு பங்கு வெளுத்திருந்துச்சு. கோவம் வராம என்ன பண்ணும். கண்ணு இருக்கறது பாக்கத்தான. கல்யாணத்துக்கு சீலை எடுக்கப் போனப்ப மாம்பழ மஞ்சள்ல ஒண்ண எடுத்து அவ மேல போட்டுப் பார்த்துட்டு எப்படீங்கன்னு கேட்டா, இவன் அதத் தூக்கிட்டுக் கடைக்கு வெளிய வெயிலுக்குப் போயி, உள்ள டியூப்லைட்டுக்கு வந்து, திரும்ப வெயிலுக்குப் போயி, உடம்பும் பார்டரும் வேற வேற கொப்பரைச் சாயம், வெயில்ல காட்டிக் குடுக்குதுன்னான். உண்மைதான அது. கடைக்காரரு மூஞ்சி சுண்டிப் போச்சு. அவ வேற சீலை எடுத்தா. அந்த வேற சீலையக் கல்யாணத்தன்னைக்குக் கட்டுனா, அதுக்கப்பறம் ஒரு நாளும் கட்டல. இவனென்ன பொய்யா சொன்னான். பொய் சொல்றவன்கூடத்தான் இப்ப இருக்கறா, இன்வெர்ட்டர் விக்கறவன் பொய் சொல்லாம எப்படி விப்பான், கரண்டே போகாதுன்னு சொல்லி விப்பானா, போகும் போகும்னு பயமுறுத்தித்தான விப்பான்.

இருபத்தாறு. கதவத் தட்டாமலே கண்ணம்மாக்கா தலைய நீட்டுச்சு, பக்கத்து போர்ஷன், எப்பவும் அப்படித்தான். "ஏனுங் மயில்சாமி, மோட்டார நிறுத்தீட்டீங்ளா? சொட்டுத் தண்ணி வர்லீங்." நான் தொடவே இல்லீங்க்கான்னான். போன்ல இருந்து கண்ண எடுக்காம சொன்னதுல அக்காவுக்கு என்ன இருக்குதுன்னு பார்க்கணும்னு ஆயிருச்சு, உள்ள வந்து தோளு மேல எட்டிப் பார்த்துச்சு. "ஆடு மேய்க்கறீங்களாட்ட இருக்குது போன்ல? அய்ய, அதென்னுங் பச்சை ஆடு! மேஞ்சு மேஞ்சு புல்லாட்டவே ஆயிருச்சா?" சொல்லிட்டுத் தானே சிரிச்சுச்சு, வயிறு குலுங்கச் சிரிச்சுச்சு. "சிரிக்காதீங்க்கா." "ஏனுங், நல்லாத்தானுங் இருக்குது. அம்முணி பூசுனதுங்ளா?" "இல்லீங்." அந்த இல்லீங்-ல என்ன இருந்துச்சோ, அக்கா சிரிப்ப நிறுத்திட்டு, மோட்டாரு கீழ் வீட்டுக்காரந்தான் நிறுத்தியிருப்பான், அவன் வாயில மண்ணப் போடன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. நல்லாத்தானுங் இருக்குது. ஊருக்கே நல்லாத்தான் இருக்கும். அந்த ஆளும் நல்லாத்தான் இருக்கறான், அதுதான் எரியுது. ரெண்டாவது சனிக்கிழமை ஒரு தடவ கனியக் கொண்டுவந்து விடறதுக்கு அவனே வந்தான், பஸ் ஸ்டாண்டுல, கையில ரெண்டு ஹெல்மெட், ஒண்ணு சின்னது, கனி தலைக்கு வாங்குனது, ரோஸ் கலரு. வணக்கமுங்க சார்னான். சாரு டீ சாப்படறீங்ளான்னான். பொண்ணு சரியாச் சாப்பிடலீங், எதாச்சு வாங்கிக் குடுங்கன்னான். இவனோட பொண்ணுக்குச் சாப்பாடு வாங்கிக் குடுக்கச் சொல்லி இவனுக்கே சிபாரிசு. ஒரு குறை சொல்லணுமேன்னு மேல இருந்து கீழ வரைக்கும் பார்த்தான். சட்டை காலருக்கும் கைக்கும் ஷேடு ஒண்ணா இருந்துச்சு. சட்டை தைச்சவனக்கூடத் திட்ட முடியல.

முப்பத்தெட்டு. திரையில அடுப்புப் பக்கத்துல இருக்கற அம்புக்குறி மெதுவா நிறையுது, வெள்ளையா நிறைஞ்சு முடிஞ்சதும் ஒரு சாயம் டொப்புன்னு பக்கத்துக் கட்டத்துல கூடுது. கரி இன்னும் நிறையக் கிடக்குது. கள்ளி சேக்கறதுதான் கஷ்டம், பாலைவனம் வரைக்கும் போகணும், போக ஏழு நிமிஷம் வர ஏழு நிமிஷம், தொட்டா முள்ளு குத்தி உசுரு குறையும், போன ஞாயித்துக்கிழமை போயி வெட்டிட்டு வந்து பெட்டியில போடறதுக்குள்ள அஞ்சே முக்கால் ஆயிருச்சு. அதுக்கு முந்துன வாரம் நீலத்துக்குப் பூவு. அதுக்கு முந்தி கறுப்புக்குக் கணவாய் மீனு மை, கடல்ல எறங்கி ரெண்டு ஞாயித்துக்கிழமை. எல்லாத்துக்கும் நோட்டு போட்டிருக்கான், லேப்ல போடற மாதிரியே, எதுல இருந்து என்ன, எத்தனைக்கு எத்தனை, யாரையும் கேட்டதில்ல, வீடியோ பார்த்ததில்ல, மத்தவன் கண்டுபிடிச்சதப் பார்த்துச் செய்யறது ஒரு வேலையா. இந்த வெளையாட்டுல ஒரே ஒரு விஷயம் அவனுக்கு ரொம்பப் பிடிக்கும், மொத்தமே பதினாறு கலருதான், எந்தக் கொப்பரையில எப்பப் போட்டாலும் அதே ஷேடு, வெயில்ல ஒண்ணு டியூப்லைட்டுல ஒண்ணுங்கற பேச்சே இல்ல, ரிஜெக்ட்டே கிடையாது. கனி பக்கத்துல நின்னு குதிச்சுக்கிட்டே இருப்பா. அடுப்பச் சுத்தி ஓடுவா. கட்டில்ல ஏறி எறங்குவா. ப்பா, இன்னும் வேகலீங்ளா? இன்னும் எத்தனைங்ப்பா? இரு கண்ணு, இன்னும் இருபதுதான். ம். இரு சாமி, கலக்கிட்டா முடிஞ்சுது. ம். போன வாரம் அவ பதினோரு தடவ ம் சொன்னா. எண்ணியிருக்கான். அதுக்கு முந்துன வாரம் ஏழு. அப்படியே ஏறிக்கிட்டே போயி ஒரு ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு போன் வரும், கனியா இருக்காது, பூங்கொடியா இருக்கும், அவளுக்கு டியூஷன் போட்டிருக்குதுங், அவளே வேண்டாங்கறாளுங், நான் என்னங் பண்ணட்டும்னு அந்த எழுதி வெச்சுப் படிக்கற மாதிரி கொரல்ல சொல்லும். கோர்ட்டுல எழுதுனது என்ன பண்ணும், புள்ளைக்கு வேண்டாம்னா வேண்டாந்தான், வக்கீலே சொல்லிட்டாரு, பன்னெண்டு ஆயிட்டா அவ விருப்பத்தத்தான் கேப்பாங்கன்னு. கனிக்குப் பன்னெண்டு ஆவறதுக்கு இன்னும் ரெண்டு மாசம். அதுக்குள்ள அந்தக் கிளிப்பச்சை ரூமு முடியணும். அந்த ரூமக் கேட்டது அவதான், ப்பா என் ரூமு கிளிப்பச்சையா வேணும்னு, வாய் விட்டுக் கேட்டது அது ஒண்ணுதான்.

இப்ப ஆட்டையே கிளிப்பச்சையாக்கிக் காட்டிட்டான் அந்த ஆளு. அவ என்ன கலரு கேட்டான்னு தெரிஞ்சே பண்ணியிருக்கான். உங்கப்பா என்ன கலக்கறது, பாரு அங்கிள் ஒரு நொடியில கலக்கறேன்னு சொல்லியிருப்பான். சிரிச்சிருப்பாங்க ரெண்டு பேரும் சோபாவுல உக்காந்து, பூங்கொடி சுண்டல் கொண்டாந்து வெச்சிருப்பா, அவ முகத்துல எந்தப் பயமும் இருந்திருக்காது, எவனும் பாக்கறதில்லையே. நாப்பத்தேழு. மணி அஞ்சாக இன்னும் ரெண்டு நிமிஷம். மயில்சாமி அந்தப் பட்டியலத் திறந்தான். ஜேபி79. பேருக்கு நேரா ஒரு செவப்புக் குறி இருந்துச்சு, அமுக்குனா இந்த ஆள வெளியேத்தட்டுமான்னு கேக்கும், ஆமான்னா அவ்வளவுதான், அப்பறம் தலைகீழா நின்னாலும் உள்ள வர முடியாது. இந்த உலகத்தத் தொறந்தது இவன். இந்த ஒரு எடத்துல இவன் சொல்றதுதான் சட்டம். அமுக்குனான். கேட்டுச்சு. கட்டை விரலு ஆமாங்கறது மேல போயி நின்னுச்சு, விரலு நகத்தோரத்துல என்னைக்கோ ஏறுன டர்க்காய்ஸ் நீலச் சாயம் இன்னும் போகாம இருந்துச்சு. அமுக்கிட்டா கனி கேப்பா. ஏங்ப்பா அங்கிள எடுத்துட்டீங்கன்னு கேப்பா. அதுக்குப் பதில் வேணும். பதில் யோசிச்சான். உன்ற அங்கிளு வர்றதுக்கு வேற எடமே இல்லையான்னு ஒண்ணு. இது நம்ம வீடு கண்ணுன்னு ஒண்ணு. ரெண்டையும் மனசுக்குள்ள அவ காதுல சொல்லிப் பார்த்தான், ரெண்டுக்கும் அவ ம்-னா. விரல எடுத்துட்டான். எடுத்ததுல கோவம் போயிருந்தா பரவால்ல. அது போக எடமில்லாம கைக்கு எறங்குச்சு. கையில கத்தி இருந்துச்சு, வெளையாட்டுக் கத்திதான், வைரக் கத்தி, ரெண்டு போடு போட்டா எதுவும் நிக்காது. வேலிக்குள்ள போனான். பச்சை ஆடு ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டி நின்னுச்சு, ஒண்ணு குனிஞ்சு புல்லத் தின்னுட்டு நிமிந்து இவன் மூஞ்சிக்கு நேரா பார்த்துச்சு, ரெண்டு கட்டைக் கண்ணு, அதுல என்ன இருக்கும், ஒண்ணும் இல்ல. போட்டான். செவந்து துள்ளுச்சு. இன்னொண்ணு போட்டான். ஆடு சாஞ்சு புகையாப் போச்சு. புல்லு மேல ஒரு பச்சைக் கம்பளிக் கட்டையும் ரெண்டு துண்டுக் கறியும் மெதுவாச் சுத்திக்கிட்டுக் கிடந்துச்சு. இன்னொரு ஆடு ஓடுச்சு. தொரத்தல. போதும்னு தோணல, ஆனா தொரத்தல. நாப்பத்தி மூணு வயசு ஆம்பள, ஞாயித்துக்கிழமை சாயங்காலம், போன்ல ஆடு அடிச்சுட்டு மூச்சு வாங்கறான்.

அறுபது. திரையோட மூலையில ஒரு வரி வந்துச்சு. ஜேபி79 உள்ள வந்தார். மணி சரியா அஞ்சு. மயில்சாமிக்குக் கண்ணு ரெண்டும் பொங்குச்சு. என்ற மணி நேரம். இந்த ஒரு மணி நேரம் கோர்ட்டு எழுதிக் குடுத்தது, அதுலயும் வந்து நிக்கறானா, வரட்டும், இன்னைக்கு இருக்குதுன்னு கத்தியத் தூக்கிட்டுத் திரும்புனான். வீட்டு வாசல்ல ஒரு கட்டை மனுஷன் நின்னுட்டிருந்தான், நீலச் சட்டை, எல்லாருக்கும் முதல்ல வர்ற மொட்டை உருவம். இவனப் பார்த்துச்சு. உக்காந்து எந்திரிச்சுச்சு. திரும்ப உக்காந்து எந்திரிச்சு ஒரு குதி குதிச்சுச்சு. அது கனி போடற வணக்கம். ரெண்டு வருஷமா வேற யாருக்கும் தெரியாத வணக்கம். போன் அடிச்சுது.

"ப்பா. நான்தானுங்ப்பா. என்ற டேப்லெட் டிஸ்ப்ளே ஒடைஞ்சு போச்சு. அங்கிளோட போன்ல வந்திருக்கேன்."

மயில்சாமிக்கு அந்தச் செவப்புக் குறி ஞாபகம் வந்துச்சு. ஆமாங்கறத அமுக்கியிருந்தா அவ இப்பக் கதவுக்கு வெளிய நின்னிருப்பா, இவன் உள்ள உக்காந்து ஏன் வர்லைன்னு அவங்கம்மாவத் திட்டிட்டு இருந்திருப்பான்.

"ப்பா? கேக்குதுங்ளா?"

"கேக்குது கண்ணு. எப்ப ஒடைஞ்சுது?"

"செவ்வாக்கெழம. வியாழக்கெழம இதுல போட்டுப் பாத்தேன், வருதான்னு." அவ வேலிப்பக்கம் ஓடிப் போனா. நின்னா. "ப்பா, ரெண்டு பச்சை ஆடு இருந்துச்சே?"

சொல்லிரலாம், ஓடிப் போச்சுன்னு. வேலி தொறந்து கெடந்துச்சு, ஓநாய் வந்துச்சுன்னு சொல்லலாம், இந்த வெளையாட்டுல ஓநாய் வர்றதுதான். வாய் வரைக்கும் வந்துருச்சு.

"கறி கெடக்குதுங்ப்பா," கனி சொன்னா.

"நான்தான் அடிச்சேன்."

அந்தப் பக்கம் அவங்க வீட்டுச் சமையக்கட்டுல குக்கர் ஒரு விசில் விட்டுச்சு, யாரோ அத எறக்குங்கன்னாங்க, பூங்கொடி கொரலு, சாதாரணமா இருந்துச்சு. இவன் காத்திருந்தான். லேப்ல இவன் ஷேடு பார்த்துட்டு வாய் தொறக்கறதுக்கு முன்னால வர்ற அமைதி இதுதான், இருபத்திரண்டு வருஷமா இவன் காத்து நிக்கறவங்க பக்கம் நின்னதில்ல.

"எதுக்குங்ப்பா?"

"அந்த... உங்க அங்கிள் போட்ட சாயம்னு நெனச்சேன்."

"அதுக்கு ஆடு என்னங்ப்பா பண்ணுச்சு?"

மயில்சாமி கத்தியப் பைக்குள்ள போட்டான்.

"அங்கிளுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாதுங்ப்பா. நான் ஒருக்கா குடுத்துப் பாத்தேன், சுவத்துல போயி முட்டிக்கிட்டே நிக்கறாரு. திரும்பவே தெரியல. நான்தான் போட்டேன். உங்க பெட்டியில ரெண்டே ரெண்டு சாயம் எடுத்தேன்."

"எதுக்கு கண்ணு ஆட்டுக்குப் போட்ட? கம்பளிக்குத்தான போடணும்?"

"அய்யோ ப்பா." அவளுக்குச் சிரிப்பு வந்துருச்சு, இல்ல அழுகையோ, ரெண்டுக்கும் ஆரம்பம் ஒரே மாதிரி இருந்துச்சு. "ஆட்டுக்கு ஒருக்காப் போட்டாப் போதுங்ப்பா. கத்தரிச்சா பச்சையா வரும். அது புல்லு தின்னுட்டு மறுபடி பச்சையாவே மொளைக்கும். மறுபடி கத்தரிக்கலாம். சாயமே வேண்டாம். எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும்."

"எனக்கு ஏன் இத்தன நாளாச் சொல்லல?"

"சொன்னேங்ப்பா. ரெண்டு தடவ சொன்னேன். இரு கண்ணு கலக்கிட்டு வர்றேன்னீங்க." அவ மூச்சு விடறது கேட்டுச்சு. "நீங்க எப்பப் பாத்தாலும் சாயம் காச்சிக்கிட்டே இருக்கீங்க. நான் பக்கத்துல நின்னுக்கிட்டே இருப்பேன். மணி ஆறாயிரும். அதான் போட்டு வெச்சேன். ஆடு இருந்தா நீங்க காச்ச வேண்டாம்ல?"

அடுப்பு நின்னுச்சு. அறுபத்து நாலு. உள்ள தீ அமந்து கல்லு கறுத்துப் போச்சு. மயில்சாமிக்குக் கோவம் இன்னும் இருந்துச்சு, கழுத்து நரம்புல இருந்துச்சு, ஆனா அத எங்க கொண்டு போயி வைக்கறதுன்னு தெரியல. காலையில இருந்து அந்த ஆளு மேல வெச்சிருந்தான், அவன் சுவத்துல முட்டிக்கிட்டு நின்னவன். பூங்கொடி மேல வைக்கலாம்னா அவ குக்கரப் பாத்துட்டு இருக்கறா. அடுப்புக்குப் போயி சாயத்த எடுத்தான், எலும்புத் தூள ஒண்ணே ஒண்ணு கலந்தான். கிளிப்பச்சை வந்துச்சு. ஒரு வெள்ளை ஆட்டுக்கிட்டப் போனான். கைக்கு ஒப்பவே இல்ல. பருத்திச் செடி, பருத்திச் செடின்னு மண்டைக்குள்ள யாரோ சொன்னாங்க. போட்டான். ஆடு நொடியில பச்சையாச்சு.

"இப்பக் கத்தரிங்ப்பா."

கத்தரிச்சான். பச்சைக் கட்டை மூணு விழுந்துச்சு. ஆடு வெறும் தோலா நின்னுச்சு, அதப் பார்த்தா பாவமா இருந்துச்சு, அப்பறம் குனிஞ்சு புல்லத் தின்னுச்சு. நிமிந்துச்சு. பச்சை. மயில்சாமி கிட்டப் போயி பார்த்தான், பழக்கம் விடுமா, பழைய பச்சைக்கும் புதுப் பச்சைக்கும் பார்த்தான். ஒரு நூலு வித்தியாசம் இல்ல.

"மூக்கச் சுருக்கறீங்களாப்பா?"

"இல்லையே."

"சுருக்குவீங்க. பாக்காமயே தெரியும்." கறிய எடுத்துப் பையில போட்டுக்கிட்டா, கம்பளியையும் எடுத்துக்கிட்டா. "இனிமே அடிக்காதீங்க. யார் மேல கோவம்னாலும்."

"சரி சாமி."

"அந்தப் பக்கம் மலைக்குப் பின்னால ஒரு குகை இருக்குதுங்ப்பா. நான் ரொம்ப நாளா உங்களக் கூட்டிட்டுப் போகணும்னு இருக்கேன். வர்றீங்ளா?"

மணி பார்த்தான். அஞ்சு ஏழு. அம்பத்து மூணு நிமிஷம். இத்தன நிமிஷத்த வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு அவனுக்கு நெசமாவே தெரியல, அவன் நோட்டுல அதுக்கு அளவு எழுதி வெக்கல. பெட்டிக்குள்ள அறுபத்து மூணு பச்சைச் சாயம் சும்மாக் கெடந்துச்சு. கனி அதுக்குள்ள வேலியத் தாண்டிக் குதிச்சு ஓட ஆரம்பிச்சுட்டா, அந்த ஆளோட நீலச் சட்டைய மாட்டிக்கிட்டு, குதிச்சுக் குதிச்சு. இவன் பின்னால கெளம்புனான், கெளம்பறப்ப அந்தப் பச்சை ஆட்ட இன்னொருக்காத் திரும்பிப் பார்த்தான், பார்த்துக்கிட்டே போயி வீட்டுச் சுவத்துல முட்டுனான். முட்டிக்கிட்டே நின்னு கால ஓட்டுனான்.

"ப்பா!" போன்ல அவ சிரிப்பு தகரக் கூரை வரைக்கும் போச்சு. "அங்கிளாட்டவே பண்றீங்ப்பா!"

மயில்சாமிக்குச் சுர்ருன்னு வந்துச்சு. வந்த கோவத்தையும் தூக்கிக்கிட்டே, சுவத்த விட்டுத் திரும்பி, மக பின்னால ஓடுனான்.